யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்குத் தயங்கலாமா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தேன். இளைஞர் நால்வர் ஒரு மனுவோடு வந்து, "ஃபாதர், இதிலுள்ள பிழைகளைத் திருத்திக் கொடுங்கள்" என்றனர். நகராட்சி எல்லைக்குள் அமைந்த ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் பகுதிக்கு ஒரு மனமகிழ் மன்றம் கட்டித் தர வேண்டும் என்று நகராட்சித் தலைவருக்கு எழுதியிருந்தார்கள். ஒரு கேரம் பலகை, இரண்டு நாளிதழ்கள், மழையில் நனையாமல் பந்தாட ஒரு கூரை, பிள்ளைகள் இரவில் படிக்க நல்ல விளக்கு. இவ்வளவுதான் அவர்களது விருப்பம். எழுத்துப்பிழைகளைத் திருத்தி, ஆசி கூறி அனுப்பினேன்.

அன்று மாலையே அவர்களுடைய தாய்மார் அறுவர் பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டனர். முகத்தில் கோபமும் கலக்கமும். "சாமி, பிள்ளைகள் எழுதியதை நீங்களே திருத்திக் கொடுத்தீர்களாமே! ரோட்டடியில் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது. அது போதாதென்று லைன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மன்றமா?" என்றார் அவர்களுள் மூத்தவர்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சற்றுப் பேசிய பின்னரே உண்மை புலப்பட்டது. தமிழ்நாட்டில் 'மனமகிழ் மன்றம்' என்ற பெயர்ப்பலகையைத் தாங்கி நிற்பவற்றுள் பல, 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளின்கீழ், தம் உறுப்பினர்க்கு மது வழங்க உரிமம் பெற்ற தனியார் கழகங்கள். அத்தாய்மார் அறிந்த மனமகிழ் மன்றம் அதுவே. மகன் கேட்டது கேரம் பலகை. தாய் கண்டது மதுக்குப்பி. இருவரும் ஒரே சொல்லைத்தான் படித்திருந்தார்கள்.

அன்றிரவு அச்சொல்லைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். மன்றம் என்பது நம் மொழியில் எத்துணைப் பழைய சொல்! ஊர் கூடும் பொதுவிடத்துக்கு மன்றம், பொதியில், அம்பலம், சாவடி என்று எத்தனையோ பெயர்களை வைத்தவர் நம் முன்னோர். இம்மலையின் படகர் ஊர்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஹட்டியிலும் வீட்டு வரிசைகளையொட்டி ஊருக்கென ஒரு பொதுவெளி இருக்கும். கூட்டமும் விழாவும் ஆட்டமும் அங்கேயே நடக்கும். அவ்வெளியை வீணான நிலம் என்று எவரும் சொல்லியதில்லை. இன்றோ மன்றம் என்ற சொல்லைக் கேட்டால் தாய்மார் அஞ்சுகின்றனர். சமுதாயக் கூடம் என்றாலோ, வாடகைக்குக் கிடைக்கும் திருமண மண்டபமே நினைவுக்கு வருகிறது. உழைத்துக் களைத்தவர் காசின்றி ஒருமணி நேரம் அமர்ந்து பேசிச் சிரிப்பதற்குரிய இடத்தைச் சுட்ட நமக்கு ஒரு சொல் கூட மிஞ்சவில்லை. அப்படி ஓர் இடம் மிஞ்சியிருந்தால் சொல்லும் மிஞ்சியிருக்கும்.

சமதளம் அரிதான மலை

சமவெளியில் வாழ்வோர்க்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாதிருக்கலாம். அங்கே அறுவடை முடிந்த வயலும் வற்றிய ஏரியும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாகும். நீலகிரியில் சமமான நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அங்கே தேயிலை நிற்கும். அல்லது விடுதி எழும்பும். ஆகவே நம் பிள்ளைகள் சாலையில் ஆடுகின்றனர்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கொண்டையூசி வளைவொன்றில் நண்பர்களோடு பந்தாடிக்கொண்டிருந்தான். கீழே உருண்ட பந்தைப் பிடிக்க ஓடியவன் ஒரு ஜீப்பின் முன் போய் விழுந்தான். உயிர் தப்பிவிட்டான், ஆனால் அவனது இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அவ்வளைவிலிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு கூடமும் சிறு முற்றமும் இருந்தன. அரசுப் பணத்தில் கட்டி, கல்வெட்டுப் பதித்து, திறப்பு விழாவும் நடத்திய கட்டடம். திறப்பு விழாவுக்குப் பின் அது திறக்கப்படவில்லை. சாவி எவரிடம் உள்ளது என்பதற்கே ஆளுக்கொரு விடை சொன்னார்கள்.

மழையையும் எண்ணிப் பாருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எஞ்சிய நாள்களிலும் மாலையானால் மூடுபனி. இருட்டியபின் காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும் தேயிலைச் செடிகளுக்கிடையே உலவுகின்றன; கூடலூர்ப் பகுதியில் யானையும் வரும். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையொன்றைச் சிறுத்தை கொன்ற துயரத்தை நாம் மறக்கவில்லை. கூரையும் சுவரும் விளக்கும் உள்ள ஒரு பொதுவிடத்தை இம்மலையில் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேரிடர் நாள்களில் அது புகலிடமும் ஆகும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய இரவுகளில் குடும்பங்கள் ஓடுவது பள்ளிக்கும் கோயிலுக்கும் சமுதாயக் கூடத்துக்கும்தான். நாள்தோறும் திறந்து பெருக்கி விளக்கேற்றப்படும் கூடமே அந்த இரவில் பயன்படும். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த கூடத்தில் கூரை ஒழுகும், கதவு திறக்காது.

விருந்தினர்க்கு உண்டு, வீட்டாருக்கு?

நம் மலையில் பொழுதுபோக்கு இடங்களுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். உதகையில் 1848-இல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா. குன்னூரில் 1874-இல் தோன்றிய சிம்ஸ் பூங்கா. கோத்தகிரியில் நேரு பூங்கா. மே மாதம் வந்தால் மலர்க் கண்காட்சியும் பழக் கண்காட்சியும். இவையெல்லாம் நமக்குப் பெருமையே. பலருக்குப் பிழைப்பும் இவற்றால்தான். ஆனால் இவை விருந்தினருக்காக வாயிலில் கட்டணம் பெற்று நடத்தப்படுபவை. கொழுந்து பறித்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு நாள்தோறும் சென்று அமர அங்கே இடமில்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாவரவியல் பூங்கா மாநிலத் தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது. படகு இல்லம் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கையில். விருந்தினர் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளுவதும், அவர்களுக்காகத் தெருவைக் கூட்டுவதும் நகராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி உதகையின் மக்கள்தொகை 88,430. குன்னூரின் மக்கள்தொகை 45,494. இவ்வளவு சிறிய ஊர்களின் சொத்து வரியையும் கடை வாடகையையும் கொண்டு எத்தனை பேரின் சுமையைத் தாங்குவது? 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என உயர்நீதிமன்றம் வெளியூர் வாகனங்களுக்கு வரம்பு கட்ட வேண்டிய நிலை வந்ததை நினைத்தால் அச்சுமை எத்தகையது என்பது விளங்கும். ஆதலின் நகராட்சியைக் குறை கூறுமுன் அதன் கையிருப்பையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

உதகையின் நடுவே இருக்கும் குதிரைப் பந்தயத் திடலின் கதையும் இங்கே பொருந்தும். அரசுக்குச் சொந்தமான ஏறத்தாழ 52 ஏக்கர் நிலம் அது. குத்தகைக் காலம் 1978-இல் முடிந்தது. அதன்பின்னும் குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. குத்தகை நிலுவை 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. 2024 ஜூலையில் நிலத்தை மீட்டு, பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. பூங்கா வேண்டியதே. எனினும் மற்றுமொரு கட்டணப் பூங்கா எழுவதற்கு முன், அதில் ஒரு மூலையாவது ஊர்ப் பிள்ளைகள் பந்தாடுவதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது தவறாகுமா?

கட்டப் பணம் உண்டு, நடத்தப் பணம்?

இனி நிதியைப் பற்றிச் சொல்கிறேன். இக்கட்டுரையின் மையம் இதுவே. சற்றுப் பொறுமையோடு படியுங்கள்.

பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்புக்கு உரியவை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவற்றுள் 12-ஆவது பணி இது. தோட்டங்களைப் பொறுத்தவரை, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே பொழுதுபோக்கு வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை இயற்ற மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அவ்வசதி விடுபடவில்லை. ஆகவே மனமகிழ்ச்சி என்பது யாரோ இரங்கிப் போடும் பிச்சையன்று. சட்டம் ஏற்றுக்கொண்ட தேவை.

கட்டடம் எழுப்பப் பணம் கிடைக்கும் வழிகளும் பல. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. நகரங்களில் 'நமக்கு நாமே' திட்டத்தின்கீழ், மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் எஞ்சியதை அரசு தருகிறது. ஊராட்சிகளில் 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்ச ரூபாய் வீதம் செலவிட்டு, நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தது. மலைப்பகுதிகளுக்கென்றே மைய அரசின் உதவியோடு 1970-களின் நடுவே மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. உதகையின் திறந்தவெளி விளையாட்டரங்கத்தை இன்றும் மக்கள் அத்திட்டத்தின் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 'எச்.ஏ.டி.பி. மைதானம்' என்றே அழைக்கின்றனர். எந்த நிதியில் எழுந்ததோ அதுவே அதற்குப் பெயராகிவிட்டது!

ஆயினும் இந்த நிதிகளில் ஒரு குறை உண்டு. இவை கட்டுவதற்கு மட்டுமே உரியவை. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து நிலையான சொத்தை உருவாக்கலாம். மாதந்தோறும் மின்கட்டணம் கட்ட இயலாது. காவலாளிக்கு ஊதியமோ, நாளிதழுக்குச் சந்தாவோ, கிழிந்த வலைக்கு மாற்று வலையோ அதிலிருந்து வாங்க முடியாது. அச்செலவு முழுவதும் நகராட்சியின் பொது நிதியில் வந்து விழுகிறது. குடிநீருக்குத் தனிக் கணக்கு உண்டு. தொடக்கக் கல்விக்குத் தனிக் கணக்கு உண்டு. மனமகிழ்ச்சிக்கோ தனிக் கணக்கில்லை. தெருவிளக்கோடும் குப்பை வண்டியோடும் ஊழியர் ஊதியத்தோடும் அது போட்டியிட வேண்டும். அப்போட்டியில் கேரம் பலகை வெல்லுமா?

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கினான் என்பார்களே, அக்கதைதான் இது. இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய கூடம் சில ஆயிரம் ரூபாய் மின்கட்டணத்துக்காக இருண்டு கிடக்கிறது. நான் முன்னர்ச் சொன்ன சிறுவனின் கால் குட்டையானதற்குக் காரணம் கூடம் இல்லாமை அன்று. கூடத்தைத் திறக்க ஆள் இல்லாமை.

பிறர் கண்ட வழிகள்

இதற்கு வழியே இல்லையா? நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துப் பெறப்படுகிறது. இப்போது ரூபாய்க்கு 10 காசு. நூலகங்களில் குறைகள் இல்லாமல் இல்லை. எனினும் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் கதவைத் திறக்க ஒருவர் இருக்கிறார். ஏனெனில் ஆண்டுதோறும் வரும் பணத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 1930-இல் தானே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, மாலைதோறும் மக்கள் இசை கேட்கச் செய்தது. வானொலிப் பெட்டி வாங்க இயலாத ஏழையும் மணலில் அமர்ந்து கேட்டான். 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை எட்டாண்டுகள் அதனை நடத்தியது மாநகராட்சியே. மக்களின் மகிழ்ச்சிக்காக உள்ளாட்சி தன் பணத்தை ஆண்டுதோறும் செலவிடுவது நமக்குப் புதிதன்று.

கடல் கடந்தும் ஒரு சான்று. பிரிட்டனில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வெட்டப்படும் நிலக்கரி டன் ஒன்றுக்கு ஒரு பென்னி வீதம் சுரங்க முதலாளிகளிடம் பெற்று, சுரங்கத் தொழிலாளர் நலநிதி ஒன்றை அமைத்தது. அந்த ஒற்றைப் பென்னியால் சுரங்க ஊர்களில் மன்றங்களும் விளையாட்டுத் திடல்களும் குளியலறைகளும் எழுந்தன. நம் மலைக்கு இதனை எண்ணிப் பார்ப்போம். பூங்காவில் நுழையும் விருந்தினர் ஒவ்வொருவரும் தரும் கட்டணத்தில் ஒரு ரூபாயை அந்தந்த ஊரின் உள்ளாட்சிக்கு ஒதுக்கி, ஊர் மக்களின் கூடங்களை நடத்துவதற்கென்று மட்டும் செலவிடுமாறு அரசு ஆணையிட்டால் என்ன? விருந்தினர்க்கு அது சுமையாகாது. நம் பிள்ளைகளுக்கு விளக்கெரியும்.

என் அலமாரியில் இருந்த சாவி

ஊராரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தாய்மார் விடைபெறும்போது, அவர்களுள் ஒருவர் தயங்கியபடியே கேட்டார்: "சாமி, நம்ம கோயில் மன்றம் மட்டும் தினமும் திறந்தா இருக்கிறது?" எனக்கு விடை இல்லை. நம் பங்கின் மன்றத்தைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறந்தோம். மற்ற நாள்களில் அதன் சாவி என் அலமாரியிலேயே இருந்தது. நாற்காலி உடையும், சுவர் அழுக்காகும் என்பது என் கவலை. மறுவாரம் முதல் மாலை ஐந்து மணிக்கு அது திறக்கிறது. எச்சமயத்துப் பிள்ளையும் வரலாம். இதுவரை இரண்டு நாற்காலிகள் உடைந்துள்ளன.

ஆயினும் நம் மன்றம் நகராட்சிக் கூடத்துக்கு மாற்றாகாது. பொதுப்பணத்தில் எழும் கூடம் பொது நிலத்திலேயே இருக்க வேண்டும். வழிபாட்டிடத்துக்குரிய நிலத்தில் தொகுதி நிதியைச் செலவிடக் கூடாது என்பது விதி. அது நியாயமான விதியும் கூட. கோயிலுக்கு வராதவரும் தயக்கமின்றி நுழையும் வாசல் ஒன்று ஊருக்கு வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியது யாது? நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் ஏப்ரல் மாதத்துக்கு முன்னரே முடிவாகிவிடும். ஆகவே கோரிக்கையை டிசம்பருக்குள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். 2022 முதல் நகரங்களில் பகுதி சபைகள் நடைபெறுகின்றன. அங்கே சென்று பேசுங்கள். ஊராட்சியில் வாழ்வோர் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்; ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் கிராம சபைக்குரிய நாள்களாகச் சேர்க்கப்பட்டன. கட்டடம் கேட்கும்போதே, அதைத் திறப்பவர் யார், மின்கட்டணம் எக்கணக்கில், சாவி எவரிடம் என்பவற்றையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். புதுக்கூடம் கேட்குமுன் உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பழைய கூடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றைத் திறக்க வைப்பது மற்றொன்றைக் கட்டுவதினும் மேலானது.

இறைவாக்கினர் செக்கரியா, மீண்டெழும் எருசலேம் நகரைக் காட்சியில் கண்டார். அக்காட்சியில் ஊன்றுகோல் ஏந்திய முதியவர்கள் நகரின் பொதுவிடங்களில் அமர்ந்திருக்கின்றனர். சிறுவரும் சிறுமியரும் தெருக்களில் விளையாடுகின்றனர். ஒரு நகரம் நலமாயிருப்பதற்கு அவர் கண்ட அடையாளம் அது. மூப்பர் அமர ஓர் இடமும் பிள்ளைகள் ஆட ஓர் இடமும் உள்ளனவா என்று நம் ஊர்களையும் நாம் பார்க்கலாம்.

அந்த நான்கு இளைஞரின் மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தாய்மாரும் மக்களும் ஓரிடத்தில் அமர்ந்து அதனை மீண்டும் எழுதினர். 'மனமகிழ் மன்றம்' என்பதை அடித்துவிட்டு, 'படிப்பகமும் விளையாட்டுக் கூடமும்' என்று தலைப்பிட்டனர். மாலை நான்கு முதல் ஒன்பது வரை திறந்திருக்க ஒரு பொறுப்பாளர், அவருக்கான ஊதியம், மின்கட்டணம், நாளிதழ் என்று ஆண்டுச் செலவுக்குத் தனிப் பட்டியல் ஒன்றையும் இணைத்தனர். முதல் கையொப்பம், அன்று கோபத்தோடு வந்த மூத்த தாயினுடையது. மனு நகராட்சியிடம் சேர்ந்துவிட்டது. பதில் வரும்வரை அப்பிள்ளைகள் நம் மன்றத்தில் ஆடுகின்றனர். உடைந்த நாற்காலிகளைப் பழுது பார்க்க ஒரு தச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.